வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ரத்தக்குழாய்ச் சுவருக்குள் வெள்ளை அணுவுக்கு என்ன வேலை?

சென்ற இதழில் சர்க்கரை நோய் பற்றிய ஒரு பதிலில், ரத்தக்குழாய் தடித்துப்போவதில் நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரைக்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

டாக்டர், எங்க அப்பாவுக்கு போன மாசி மாசம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு. கொழுப்பு போய் குழாய்ல ஒட்டிக்கிட்டுதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நீங்க வெள்ளை அணுன்னு எழுதியிருக்கீங்க. கிருமியை அடிக்கிற அணு எதுக்கு அங்க போகுது? கொழுப்பா, வெள்ளை அணுவா, எதுதான் காரணம்?
— வாசகி, அம்பாசமுத்திரம்

ரெண்டும்தாம்மா. ஆனால் எது முதலில், எது அப்புறம் என்பது முக்கியம். தொடங்கி வைப்பது கொழுப்பு. அதைப் புண்ணாக்கி, வளர்த்து, கடைசியில் மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோவதில் பெரும்பகுதி வெள்ளை அணுக்களின் வேலை.

கொழுப்பு குழாயின் உள்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று நாம் நினைக்கிறோம் இல்லையா, அது அப்படி இல்லை. தமனியின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய படலம் இருக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்கள் அந்தப் படலத்தைத் தாண்டிச் சுவருக்கு உள்ளேயே போய்விடுகின்றன. குழாய் கிளை பிரிகிற இடம், வளைகிற இடம் இங்கெல்லாம் ரத்தம் சீராக ஓடாமல் சுழித்து ஓடும். அந்த இடங்களில்தான் இது அதிகம் நடக்கும். உள்ளே போன துகள் அங்குள்ள புரத வலையில் சிக்கி, வெளியே வர முடியாமல், நாளாக நாளாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகிறது. கெட்டுப்போன எல்.டி.எல்.லைப் பார்த்ததும் மேலே உள்ள படலம், கிருமி நுழைந்தால் என்ன செய்யுமோ அதையே செய்கிறது. தன் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை நீட்டுகிறது, ஆள் அனுப்பச் சொல்லி வேதிப்பொருள்களையும் சுரக்கிறது.

ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளை அணு அந்தப் புரதத்தில் ஒட்டி நின்று, செல்களுக்கு இடையே நுழைந்து சுவருக்குள் போகிறது. உள்ளே போனதும் அது மேக்ரோஃபேஜாக, அதாவது பெருவிழுங்கியாக மாறுகிறது. கெட்ட பொருளை விழுங்கிச் சுத்தம் செய்வதுதான் அதன் வேலை, அந்த வேலையைத்தான் அங்கேயும் செய்கிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்ள நம் செல்களின் மேல் ஓர் ஏற்பி, அதாவது அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதம் உண்டு, அதைக் கண்டுபிடித்ததற்காக மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அந்த ஏற்பி தானே குறைந்துவிடும். ஆனால் கெட்டுப்போன எல்.டி.எல்.லைப் பெருவிழுங்கி எடுப்பது வேறு ஏற்பிகள் வழியாக. அவற்றுக்கு 'போதும்' என்று நிறுத்தும் கட்டுப்பாடு கிடையாது. விழுங்கிக்கொண்டே போய், உள்ளெல்லாம் கொழுப்புத் துளிகளாக நிறைந்து ஊதிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நுரை மாதிரித் தெரியும், அதனால் நுரை செல் என்று பெயர்.

நுரை செல்கள் கூட்டமாகச் சேர்ந்தால் தமனிச் சுவரில் மஞ்சள் கோடு தெரியும். அது வயசானவர்களுக்கு மட்டும் வருவது இல்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களைப் பரிசோதித்து 1953ல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயது 22, அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இதயத் தமனிகளில் ஏதோ ஓர் அளவில் பாதிப்பு இருந்தது. அப்பாவுக்குப் போன மாசியில் வந்ததாக நினைக்கிறீர்கள், ஆனால் அது தொடங்கிய காலம் அவர் கல்யாணத்துக்கும் முன்னால் இருக்கலாம்.

அப்புறம் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நுரை செல்கள் சும்மா இருப்பதில்லை, மேலும் மோனோசைட்டுகளை வரவழைக்கின்றன. டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களும் வருகின்றன; அவற்றில் சில, எல்.டி.எல். துகளில் உள்ள புரதத்தையே எதிரியாக அடையாளம் காண்பவை. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருள் பெருவிழுங்கிகளை இன்னும் தூண்டிவிடுகிறது. சுவரின் நடு அடுக்கில் இருக்கும் தசைச் செல்கள் மேலே நகர்ந்து வந்து, இந்தக் குவியலைச் சுற்றி நார் மூடி ஒன்று போடுகின்றன (அந்தத் தசைச் செல்களிலும் கணிசமானவை கொழுப்பைத் தின்று நுரை செல்லாக மாறிவிடுகின்றன என்பது பின்னால் தெரியவந்தது). நுரை செல்கள் செத்துப்போகும்போது அவற்றை அப்புறப்படுத்த வேண்டிய மற்றப் பெருவிழுங்கிகளும் ஓய்ந்துவிடுவதால், செத்த செல், கொலஸ்ட்ரால் படிகம், பிறகு சுண்ணாம்பு எல்லாம் நடுவில் தங்கிவிடுகின்றன. குழாய் கெட்டிப்படுவது இப்படித்தான். அந்தக் கொலஸ்ட்ரால் படிகங்கள் கூர்மையானவை. அவை வெள்ளை அணுவுக்குள் ஓர் எச்சரிக்கை அமைப்பைத் தட்டி எழுப்பி, இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்க வைக்கின்றன என்று 2010ல் கண்டார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு பதிலில் திரும்ப வரும்.

ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ 1850களிலேயே இது அழற்சி நோய் என்று எழுதினார். ரஷ்யாவில் நிக்கலாய் அனிச்கோவ் 1913ல் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீனியில் கொடுத்து அதே நோயை உண்டாக்கிக் காட்டினார், கொழுப்பு நிறைந்த செல்களையும் அப்போதே பார்த்தார். அதற்குப் பிறகு ரொம்ப காலம் கொழுப்பா, அழற்சியா என்று தனித்தனிக் கட்சியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தவரைக்கும் நம் ஊர்ப் பேச்சில் இன்றும் கொழுப்புக் கட்சி ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் திறக்கிறது. சுவருக்குள் நடப்பது எல்லாத் தமனிகளிலும் நடப்பது. மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, என் கூட கடை வச்சிருந்தவருக்கு ஆஞ்சியோகிராம்ல 40 சதவீதம்தான் அடைப்புன்னு சொன்னாங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம்னு வந்தவரு எட்டு மாசத்துல மாரடைப்பில போயிட்டாரு. எங்க சித்தப்பாவுக்கு 80 சதவீதம், அவரு தினமும் வயலுக்குப் போயிட்டு வாராரு. இது என்ன கணக்கு?
— வாசகர், சங்கரன்கோவில்

உங்கள் நண்பருக்கு நேர்ந்தது வருத்தமான விஷயம் அண்ணாச்சி. ஆனால் கேள்வி சரியான கேள்வி. சதவீதம் என்பது குழாயின் வழி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். சுவருக்குள் இருக்கும் படிவு, அதாவது மேலே சொன்ன கொழுப்புக் குவியல், எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. படிவு வளரும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கும், அதனால் உள்ளே நிறைய இருந்தும் ஆஞ்சியோகிராமில் கொஞ்சமாகத் தெரியலாம்.

ஆபத்து இருப்பது மேலே சொன்ன நார் மூடியில். அந்த மூடி கொலாஜனால் ஆனது. உள்ளே தூண்டப்பட்டு நிற்கும் பெருவிழுங்கிகள் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன, டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவோ தசைச் செல்கள் புதுக் கொலாஜன் போடுவதைத் தடுக்கிறது. கரைப்பது ஒரு பக்கம், போடாமல் தடுப்பது ஒரு பக்கம். மூடி மெலிந்து 0.065 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் கிழியக்கூடிய மூடி என்று கணக்கு. அது கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தைத் தொடும், தொட்ட உடனே ரத்தம் அங்கே உறையும், சில நிமிஷத்தில் குழாய் முழுசாக மூடிவிடலாம். மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோகிராம்களை எடுத்துப் பார்த்த 1980களின் ஆய்வுகளில், பலருக்கு அந்த இடத்தில் முன்பு பாதிக்கும் குறைவான அடைப்புதான் இருந்தது. இன்னொரு வகையும் உண்டு: மூடி கிழியாமல் மேலே இருக்கும் படலம் மட்டும் உரிந்து ரத்தம் உறைவது, அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவுக்குப் பங்கு அதிகம்.

உங்கள் சித்தப்பாவுக்கு 80 சதவீதம் இருந்தாலும் மூடி தடிப்பாக, சுண்ணாம்பு படிந்து கெட்டியாக இருக்கலாம். அதற்காக அவரைக் கவனிக்காமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு படிவு உள்ளவருக்கு வேறு இடத்தில் மெல்லிய மூடியோடு இன்னொன்று இருக்கும் வாய்ப்பு அதிகம். நடந்தால் நெஞ்சு அழுத்துகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள், கேட்டால் ஒழிய அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். 40 சதவீதம் என்றால் 'ஒண்ணும் இல்லை' என்று யாராவது சொன்னால், ஸ்டென்ட் தேவையில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பாளையங்கோட்டைல மைக்ரோபயாலஜி படிக்கிறேன் சார். வெள்ளை அணுதான் இவ்வளவும் செய்யுதுன்னா அதை அடக்குற மருந்தைக் கொடுத்து மாரடைப்பைத் தடுக்கலாமே? யாரும் செஞ்சு பார்க்கலையா?
— கல்லூரி மாணவி

செய்து பார்த்திருக்கிறார்கள் மகளே, அதுதான் இந்த விஷயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. மேலே இன்டர்லூக்கின் 1 பீட்டா என்று ஒரு பெயர் சொன்னேன். அதை மட்டும் பிடித்து முடக்கும் ஊசி மருந்து கேனகினுமாப். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவும் கூடுதலாக இருந்த 10,061 பேரிடம் அதைச் சோதித்து 2017ல் முடிவு வெளியானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. இதில் முக்கியம் என்னவென்றால் எல்.டி.எல். துளிகூடக் குறையவில்லை. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கியே மாரடைப்பைக் குறைக்க முடியும் என்று மனிதர்களிடம் நிரூபித்த முதல் பெரிய ஆய்வு அதுதான். அதுவரை இது எலியிலும் முயலிலும் சொன்ன கதை என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அந்த மருந்து போட்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வந்தன. எதிர்பார்க்க வேண்டியதுதான், கிருமியை அடிக்க வந்த அமைப்பைத்தானே அடக்குகிறோம். விலையும் சாமானியருக்கு எட்டாதது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய்க்கு அதை அனுமதிக்கவில்லை. அடுத்து, மூட்டு நோய்க்குக் கொடுக்கும் விலை குறைந்த மெத்தோட்ரெக்ஸேட்டை முயன்றார்கள். 2018ல் முடிவு வந்தது, பலன் இல்லை. எல்லாவற்றையும் பொதுவாக அடக்கினால் போதாது, எந்த வழியை அடக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்றாவது மருந்து நம் வேலியோரத்துச் செடி. கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்லும் செங்காந்தள், நம் மாநில மலர். அதன் விதையில் கால்ச்சிசின் இருக்கிறது, மருந்துக் கம்பெனிகளுக்காகத் தமிழ்நாட்டில் அதைப் பயிராகவே போடுகிறார்கள். கௌட் என்ற மூட்டு வீக்கத்துக்குப் பல காலமாகக் கொடுக்கும் மருந்து அது. நியூட்ரோஃபில்கள் நகர்வதைத் தடுக்கும், படிகங்கள் தட்டி எழுப்பும் அந்த எச்சரிக்கை அமைப்பையும் தணிக்கும். தினமும் 0.5 மில்லிகிராம் கொடுத்த 2019 ஆய்வில் (மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்தவர்கள்) 23 சதவீதமும், 2020 ஆய்வில் (நாள்பட்ட இதயத் தமனி நோய்) 31 சதவீதமும் பாதிப்புகள் குறைந்தன. 2023ல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே, மாரடைப்பு வந்த சுமார் 7,000 பேரிடம் செய்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லாருக்கும் கொடுக்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை, சிலருக்கு மட்டும் மருத்துவர் யோசித்துச் சேர்க்கிறார்.

இதை எழுதும்போதே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்வலிக்கிழங்கை இடித்தோ காய்ச்சியோ யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதன் கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும் விஷம், நம் பக்கத்திலேயே அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அதில் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாத்திரையே ஆபத்தாகும். நீ படிக்கிற பிள்ளை, வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லிவிடு.

எதிர்ப்புச் சக்தி கூடுறதுக்குத் தினமும் கசாயம், பொடி, மாத்திரைன்னு எடுத்துக்கிறேன். இது ரத்தக்குழாய்க்கு நல்லதா கெட்டதா?
— வாசகர், தென்காசி

மேலே உள்ளதைப் படித்த பிறகு உங்களுக்கே தோன்றியிருக்கும். எதிர்ப்பு அமைப்பைப் பொதுவாகக் 'கூட்டுவது' தமனிக்கு நல்லது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அங்கே பிரச்சினையே அது அடங்காமல் இருப்பதுதான். மிளகு ரசமும் சுக்குக் காபியும் குடியுங்கள், கெடுதல் இல்லை. பாட்டிலில் வரும் மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊருக்கு உபயோகமான வேறொன்று சொல்கிறேன். ஃபுளூ காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2018ல் வந்தது. காய்ச்சலில் உடம்பு முழுக்க அழற்சி ஏறும், ஏற்கெனவே மெலிந்த மூடி அந்த நேரத்தில் கிழியலாம். இதய நோய் உள்ளவர்கள், அறுபது தாண்டியவர்கள், குற்றாலச் சாரல் தொடங்கி வீட்டுக்கு வீடு சளி பிடிப்பதற்கு முன்னாலேயே ஃபுளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வருஷம் ஒரு ஊசி. பொடி டப்பாவுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

நான் பீடி சுத்துறேன், எங்க வீட்டுக்காரர் பீடி குடிக்கிறார். சிகரெட்டை விட பீடி பரவாயில்லைங்கிறார். நெஜமா?
— வாசகி, முக்கூடல்

இல்லைம்மா. பீடிப் புகை சிகரெட்டைவிடச் சாது என்பது பொய். புகை படுகிற ஒவ்வொரு தடவையும் தமனியின் உள்படலம் காயப்படுகிறது, எல்.டி.எல். சீக்கிரம் கெட்டுப்போகிறது, வெள்ளை அணு எண்ணிக்கையே ஏறுகிறது, ரத்தமும் எளிதாக உறைகிறது. மேலே சொன்ன கதையில் ஒரு கட்டத்தைக்கூட அது விட்டுவைப்பதில்லை. நல்ல செய்தி ஒன்று உண்டு, நிறுத்தினால் பலன் தெரிய நுரையீரலுக்கு ஆகிற அளவு காலம் இதயத்துக்கு ஆகாது. முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே மாரடைப்பு ஆபத்து நன்றாக இறங்கும். குறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள், தினம் ஒன்றிரண்டு குடித்தாலும் இதயத்துக்கு ஆபத்து பெருமளவு இருக்கிறது.

என் மனைவிக்கு 44 வயசு, ஆறு வருஷமா முடக்குவாதம். மூட்டு டாக்டர் கொலஸ்ட்ராலும் பி.பி.யும் பாக்கச் சொல்றாரு. மூட்டுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், வள்ளியூர்

அந்த டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். முடக்குவாதத்தில் மூட்டைத் தாக்குவதும் இதே டி செல்களும் பெருவிழுங்கிகளும்தான், அவை சுரக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து தமனிக்கும் போகின்றன. அதனால் முடக்குவாதம் உள்ளவர்களின் இதய நோய் ஆபத்தைச் சாதாரணக் கணக்கைப் போல ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் ஐரோப்பிய மூட்டு நிபுணர்கள். சோரியாசிஸ், லூபஸ் உள்ளவர்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும். மூட்டு நோயைக் கட்டுக்குள் வைப்பதே இதயத்துக்கும் நல்லது. வலி குறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதும், கடையில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வாங்கிப் போட்டு ஓட்டுவதும் இதயத்துக்குக் கெடுதல். இன்னொன்று, பெண்ணுக்கு, அதுவும் இந்த வயசில் மாரடைப்பா என்று வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் நெஞ்சு கனம், தாடை வலி, காரணமில்லாத அசதி, வியர்வை என்று சொன்னால் வாயு என்று இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம் என்றால் அங்கேயே முதல் மாத்திரைகள் கொடுத்து அனுப்பும் வசதி இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது.

ஸ்டேட்டின் போட்டு எல்.டி.எல். 62 ஆயிட்டு. இனி நிறுத்தலாமா? சி.ஆர்.பி. டெஸ்ட் எடுக்கணுமா?
— வாசகர், மேலப்பாளையம்

62 வந்தது மாத்திரையால்தான், நிறுத்தினால் சில வாரத்தில் பழைய அளவுக்கே போகும். ஸ்டேட்டின் எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு நிற்பதில்லை, சி.ஆர்.பி.யும் அதனால் இறங்குகிறது. சுவருக்குள் புதிய எல்.டி.எல். வருவது குறைந்தால் பெருவிழுங்கிகளுக்கு வேலை குறையும், வருஷக்கணக்கில் அந்த நார் மூடி தடிக்கும். பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக இருக்கும் மரபணு மாற்றம் உள்ள அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி 2006ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. எவ்வளவு இறக்குகிறோம் என்பதைப் போலவே எத்தனை வருஷம் இறக்கி வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

சி.ஆர்.பி.யில் உயர் உணர்திறன் வகை ஒன்று உண்டு, அதைத்தான் கேட்டு எடுக்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3க்கு மேலே ஆபத்துப் பக்கம். சளி, காய்ச்சல், பல் வீக்கம், புண் எது இருந்தாலும் ஏறிக் காட்டும், அந்த நேரத்தில் எடுத்தால் வீண். ஸ்டேட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மனதாக இருப்பவர்களுக்கு அது உதவும். நீங்கள் ஏற்கெனவே போடுகிறீர்கள், எல்.டி.எல்.லும் இறங்கியிருக்கிறது. உங்கள் மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கேட்டால் எடுங்கள், இல்லையென்றால் அந்தக் காசுக்கு சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிடுங்கள். அதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை.